நீலக் குழாயும் கறுப்பு வளையமும்

எனக்கு நீல நிறம் ஆகாது என்று என் மகள் உங்களிடம் சொல்லியிருந்தால், அது தப்பு, ஐயா. என் வீட்டு வாசல் கதவே நீலம்தான். எனக்கு ஆகாதது, நிறத்தைப் பார்த்து இன்ஜின் சாமான் வாங்குகிற ஆட்கள்.

என் மாப்பிள்ளை திரைச்சீலைக் கடை வைத்திருந்தான். கெட்டிக்காரன். எந்தச் சுவருக்கு எந்தத் துணி எடுபடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதே மாதிரி கண்ணை மூடிக்கொண்டுதான் காருக்கும் சாமான் எடுப்பான். அவன் வண்டி கிளம்பினால் எதிர்வீட்டுக்காரரின் பல்செட் டம்ளருக்குள் நாட்டியம் ஆடும். பக்கத்து வீட்டுப் பூனை பொறுக்கமாட்டாமல் வேறு தெருவுக்குக் குடிபோய்விட்டது. வழியில் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு முகம் கொடுப்பதில்லை. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும், அந்தக் காரைச் சைக்கிள்காரர்கள் மணியடித்து முந்திப் போவார்கள்.

ஒருநாள் என் லேத் பட்டறைக்கு ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான், பிறந்த குழந்தையை ஏந்தி வருகிற பவிசோடு. உள்ளே ஒரு ஃபியூல் ரெயில். பெயர்தான் பெரிசு. இன்ஜின் மேல் படுத்துக்கொண்டு, உள்ளே பெட்ரோல் பீச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அதைப் பங்கிட்டுக் கொடுக்கிற குழாய், அவ்வளவுதான். வண்டியோடு வந்தது கறுப்பு இரும்புக் குழாய். அது ஒழுகாமல், உடையாமல், யார் கண்ணிலும் படாமல் தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது. அது செய்த குற்றமும் அதுதான். இவன் வாங்கி வந்தது அலுமினியம். உடம்பெல்லாம் நீலம், முனைகளில் சிவப்பு நட்டு.

"பழசுல என்ன கோளாறு, மாப்பிள்ளை?" என்றேன்.

"கோளாறுன்னு இல்ல மாமா. பானட்டைத் தொறந்தா டல்லாத் தெரியுது."

"பெட்ரோலுக்குக் கண்ணு இருக்கா?"

"பாக்கறவங்களுக்கு இருக்குல்ல?"

வாதத்தில் அவனை ஜெயிக்க முடியாது. துணி விற்று விற்று வாய் அப்படி.

புதுக் குழாய் வண்டியில் உட்காரவில்லை. பிடிமானத் துளைகள் ஒரு பக்கம், இன்ஜின் துளைகள் ஒரு பக்கம். இன்ஜெக்டர் நுழைகிற வாயும் மயிரிழை பெரிசு. பழைய ரப்பர் வளையங்கள் அதில் லொடலொடவென்று ஆடின. பிராக்கெட் கடைந்து, புது வளையமும் நான்தான் பார்த்துப் போட வேண்டும் என்றான். பக்கத்துக் கடை வெல்டரும் பெயின்டரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

"பெரியவரு இதெல்லாம் செய்வாரா?" என்று பெயின்டர் கேட்டான்.

"மாமா ஆயுசு பூரா தண்ணி பம்புக்குக் கடைஞ்சவரு. பெட்ரோல் சமாச்சாரம் அவருக்குப் புதுசுதான். நான் பக்கத்துல நின்னு சொல்லித் தரேன்" என்றான் மாப்பிள்ளை.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னான்.

வளையத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெட்ரோலுக்கு ஒரு ரப்பர், தண்ணீருக்கு ஒரு ரப்பர். இரண்டும் கறுப்பு, ஒரே அளவு. தண்ணீர் ரப்பரைப் பெட்ரோலில் போட்டால் முதலில் உப்பி இறுக்கிப் பிடிக்கும். ஒரு சொட்டு வராது. பிறகு மெள்ள மெள்ள நைந்து, ஒருநாள் கிழியும். கீழே இருப்பது புகைபோக்கிக் குழாய். அடுப்பு மாதிரி காயும்.

நான் இரண்டு தட்டுகளில் இரண்டு வகையையும் எடுத்து வைத்தேன். அவன் ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து உருட்டிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதானே மாமா?"

"பாக்க ஒண்ணுதான்."

"இது நல்லாப் பளபளன்னு இருக்கு. இதையே போடுங்க."

ஆக, தேர்ந்தெடுத்தது அவன். நான் எதையும் திணிக்கவில்லை. தட்டை எடுத்து வைக்கும் முன் ஒரு தட்டிலிருந்ததை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்திருந்தேன். கை சும்மா இருக்காது, என்ன செய்ய. ஓட விட்டுப் பார்த்தோம். வெல்டர் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "காஞ்சு கெடக்கு பெரியவரே, வேலைன்னா வேலை" என்றான்.

சில வாரம் கழித்து மகள் போன் செய்தாள்.

"அப்பா, கார்ல பெட்ரோல் வாடை குடலைப் புரட்டுது. புதுச் சாமான்னா அப்படித்தான்னு இவர் சொல்றார். நீங்க என்னப்பா சொல்றீங்க?"

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். நாளைக்கு இங்க வர்றப்போ நீ மட்டும் பஸ்ல வா."

"ஏம்ப்பா? அவரே கொண்டாந்து விடறேன்னாரு."

"வாடை உனக்கு ஒத்துக்காது. பஸ்ல வா."

வந்தாள். சொன்ன பேச்சைத் தட்டாத பெண். அவன்தான் சும்மா இருக்காமல், அவளுக்கு வேடிக்கை காட்ட, பஸ்ஸை ஒட்டியே ஹாரன் அடித்துக்கொண்டு வந்திருக்கிறான். சிக்னலில் இரண்டும் அக்கம்பக்கமாக நின்றன. அவள் ஜன்னல் வழியே கையாட்டிக்கொண்டிருந்தபோது பானட்டுக்கு அடியிலிருந்து தீ கிளம்பியது. இறங்கி ஓடிப்போய்க் கதவைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஆட்கள் வந்து அவளைப் பிய்த்து எடுக்கும்வரை விடவில்லையாம். கதவு திறக்கவில்லை. அந்தப் பூட்டும் அவன் தனியாக வாங்கிப் போட்டது. அதற்கும் என் பட்டறைக்கும் சம்பந்தம் இல்லை.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இரண்டு கையும் முழங்கைவரை கட்டு. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"என்னை மட்டும் ஏம்ப்பா பஸ்ல வரச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

போர்வை சரிந்திருந்தது, இழுத்துவிட்டேன். அவள் நர்ஸைக் கூப்பிட்டு, என்னை வெளியே அனுப்பச் சொன்னாள். உங்கள் ஸ்டேஷனுக்கும் அவள்தான் ஆளனுப்பினாள் என்று தெரியும். அதிர்ச்சியில் இருக்கிறாள், பாவம். அதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். எது தண்ணீர் ரப்பர் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் துடைத்தேன், அவன் அதைத்தான் எடுப்பான் என்றும் தெரியும். அவன் எரிந்து செத்தது என்னால்தான். எல்லாம் எழுதியாயிற்றா? ஒரு வரி மட்டும் விட்டுப்போகக் கூடாது, ஐயா. இன்றைக்கு என் மகள் உயிரோடு இருப்பது என் புண்ணியத்தில் என்று போடுங்கள். கை ஆறியதும், அதன் கீழே அவளே கையெழுத்துப் போடுவாள்.