மாப்பிள்ளையின் கண்ணாடி

எனக்குக் கல்யாண வீடு என்றால் உயிர், ஐயா. பந்தியில் எந்த மூலையில் உட்கார்ந்தால் பாயசம் இரண்டாம் தடவை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அதிலும் கூடப் படித்தவன் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம். காளிராஜின் பத்திரிகை வந்த அன்றே பெட்டியை எடுத்து வைத்துவிட்டேன். "நம்ம கல்யாணத்துக்குக்கூட இப்படித் துள்ளலையே நீங்க" என்றாள் என் மனைவி. உண்மைதான்.

நாங்கள் நாலு பேர். ராஜபாளையத்தில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் உருண்டு கிடந்தவர்கள். படிப்பு முடிந்ததும் நான் மெட்ராஸில் மருந்துக் கம்பெனிக்குப் போனேன். தவசிமுத்து சிவகாசியில் அச்சாபீஸ் வைத்தான். சங்கிலிப்பாண்டி பட்டாளத்தில் சேர்ந்தான். காளிராஜுக்குக் கோயம்புத்தூரில் மில் வேலை. அதன் பிறகு எவனுக்காவது கல்யாணம் என்றால்தான் நாலு பேரும் ஒன்று சேர்வோம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையைக் குளிக்கக் கூட்டிப்போய், அவனுடைய ஏதாவது ஒரு பொருளை ஒளித்துவிடுவோம். கெஞ்சினால்தான் திரும்பக் கிடைக்கும். என் பட்டு வேட்டி போய், துண்டைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடினேன். தவசிக்குச் செருப்பு போனது. சங்கிலிப்பாண்டியிடம் ஒளிக்க ஒன்றும் அகப்படாததால் பாதி மீசையை எடுத்துவிட்டோம். அவன் கல்யாண ஆல்பத்தைப் பாருங்கள், எல்லாப் படத்திலும் பக்கவாட்டில்தான் நிற்பான்.

கடைசியாகக் காளிராஜ். அவன் வீடும் கோயம்புத்தூர், பெண் வீடும் கோயம்புத்தூர். ஆனாலும் நாங்கள் நாலு பேரும் சுற்றின ஊரில்தான் தாலி கட்டுவேன் என்று அடம்பிடித்து, இரண்டு குடும்பத்தையும் பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இழுத்து வந்துவிட்டான். எங்கள் மேல் அவ்வளவு பிரியம் பயலுக்கு.

நான் செங்கோட்டை ரயிலில் வந்து ராஜபாளையத்தில் இறங்கினேன். மூவரும் பிளாட்பாரத்தில் நின்று தகரப் பெட்டியைத் தட்டி எனக்கு மேளம் அடித்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். அங்கேயே வேன் பிடித்து, மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு ஓடைக்குக் குளிக்கப் புறப்பட்டோம். தவசி பாட, சங்கிலி விசிலடிக்க, சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. அப்போதுதான் காளிராஜ் அந்தப் பேச்சை எடுத்தான்.

"ஏலே, நம்ம ஆட்டமெல்லாம் இன்னையோட சரி. எல்லாப் பயலுக்கும் கல்யாணம் முடிஞ்சிருச்சு. பொறவு இப்படிச் சேந்து வர என்ன சாக்கு இருக்கு?"

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வருஷம் பூராவும் மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர்கள் வாசலில் நிற்கிறேன். இந்த நாட்களுக்காகத்தான் அந்த நாட்களை ஓட்டினேன். இனி அது இல்லை என்கிறான், ஏதோ கடையைக் கட்டுகிறவன் மாதிரி.

ஐப்பசி மாதம். ஓடையில் இடுப்பளவு தண்ணீர், ஜில்லென்று இருந்தது. காளிராஜ் தன் சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி, "வழுக்கிரும், வச்சுக்கோலே" என்று என்னிடம் கொடுத்துவிட்டு நடுப்பாறைக்குப் போனான். மற்ற இருவரும் குளித்து முடித்து, துணி மாற்ற வேனுக்குப் போய்விட்டார்கள். அந்த நேரம் வனத்துறைக் காவலர் ஒருவர் கரையோரம் வந்தார்.

"தம்பி, மேல மலையில நல்ல மழ. செத்த நேரத்துல வெள்ளம் வந்துரும். அவரையும் கூப்பிட்டு ஏறிருங்க."

"சரிண்ணே" என்றேன். நல்ல மனிதர். கீழே குளிக்கிறவர்களுக்கும் சொல்ல ஓடினார். நான் கரையேறினேன்.

"ஏலே ஐயாதுரை, கண்ணாடியக் குடுலே. கர எங்கன இருக்குன்னே தெரியல."

சிரித்துக்கொண்டேதான் கூப்பிட்டான். வழக்கம் அவனுக்கும் தெரியும்தானே. நான் வேனுக்கு வந்து கண்ணாடியை ஆட்டிக் காட்டினேன். "மாப்பிள்ள தடவித் தடவி நடந்து வரட்டும்" என்றேன். இருவரும் இருக்கையில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேன் கிளம்பிவிட்டது. பாவம், காவலர் சொன்னது அவர்களுக்குத் தெரியாது.

மண்டபத்தில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார். கண்ணாடியை ஒளித்துவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னோம். அவரும் சிரித்தார். சமையல்காரர்கள் வரைக்கும் விஷயம் பரவி, ஒரே கும்மாளம். அதனால் இருட்டும் வரைக்கும் யாரும் தேடப் போகவில்லை. பெண் மட்டும் மருதாணிக் கையோடு வாசலுக்கு வந்தாள்.

"கண்ணாடி இல்லாட்டி அவருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க, அண்ணா."

"அது எனக்கும் தெரியும்மா" என்று சொல்லி, அவளைச் சாப்பிடப் போகச் சொன்னேன்.

காவலர் சொன்னதை ஏன் அவனிடம் சொல்லவில்லை என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்லியிருந்தால் ஏறி வந்திருப்பான். காலையில் தாலி கட்டியிருப்பான். எல்லாம் முடிந்துபோயிருக்கும். இந்த முகூர்த்தம் தவறினால் தை மாதம் இன்னொன்று வைப்பார்கள், நாலு பேரும் இன்னொரு தடவை வரலாம். நான் நினைத்தது அவ்வளவுதான். தண்ணீர் என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. அதைப் பற்றி நினைக்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் நாயனக்காரர்கள் வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, கீழே நாணல் புதரில் அவன் கிடைத்த செய்தி வந்தது. நான் மிகவும் அழுதேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மூவரும் சேர்ந்துதான் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினோம். தவசி பாடவில்லை என்பது ஒன்றுதான் குறை. திரும்பி வருகிற வழியில், என் பையில் கண்ணாடியைப் பார்த்துத் தவசி துருவ, காவலர் சொன்னதை நானே உளறிவிட்டேன்; அதனால்தான் அவன் என்னை இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தான். கீறல் விழாமல் துணியில் சுற்றி வைத்திருந்தேன். நீங்களே பார்த்தீர்கள்.

ஆனால் ஒன்று, ஐயா. கல்யாணம் ஒரு தடவையோடு சரி. திவசம் வருஷா வருஷம் வரும். தவசியும் சங்கிலியும் வந்துதானே ஆக வேண்டும். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்னை அனுப்பி வைப்பீர்களா?