விருப்பப் பட்டியலின் முதல் வரி

— போனைக் கீழ வை, தனாயி. ஒருத்தருக்கும் சொல்லாத. இது கல்வி அமைச்சகத்தோட தப்பு. நாளைக்கே ஏதென்ஸுக்கு பஸ் ஏறிப் போய், அங்க மேஜையை ஒரு தட்டு தட்டிக் கேக்கிறேனா இல்லையா பாரு!

— என்ன தப்புப்பா? மெசேஜ்லயே இருக்கே, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங், பாத்ராஸ் யுனிவர்சிட்டி. நான் கேட்டது கிடைச்சிருக்கு. நீ கட்டிப்பிடிச்சு அழுவன்னு பாத்தா, இந்தக் குதி குதிக்கிற!

— குதிக்காம? மாதாவே! உன் மார்க்குக்கு சிவில் வந்திருக்கணும்டி. ‘லூக்காஸ் – தனாயி, கட்டடப் பொறியாளர்கள்’னு ஆபீஸுக்குப் புது போர்டு சொல்லியாச்சு. போர்டுக்காரன் எழுத்துகூட வெட்டிட்டான்!

— போர்டா? யாரைக் கேட்டு?

— என் ஆபீஸ் வாசல்ல மாட்டுற போர்டுக்கு நான் யாரைக் கேக்கணும்? ஒலிம்பியா! ஏய் ஒலிம்பியா! அந்தக் கத்தரிக்காய் அடுப்புலயே வேகட்டும், இங்க வா. உன் மகளுக்கு அநியாயம் நடந்திருக்கு.

— கேக்குது லூக்காஸ். மூணாவது மாடிக்கும் கேக்குது. லாரிஸாவுல வெயிலு நாப்பது டிகிரி கொளுத்துது, அதுல நீ வேற. என்ன அநியாயம்?

— அம்மா, எனக்கு பாத்ராஸ் கிடைச்சிருக்கு! முதல் விருப்பமே கிடைச்சிருக்கு!

— என் தங்கமே! வா இங்க. வா, வா. கையெல்லாம் எண்ணெய், பரவாயில்ல.

— கொஞ்சறதை அப்புறம் வச்சுக்குங்க! நான் கேக்கிறேன், விருப்பப் பட்டியல்ல முதல் வரி சிவில். அதுக்குக் கீழதான் கம்ப்யூட்டர். இவ மார்க் ரெண்டுக்குமே போதும். அப்ப மேல இருக்கிறதைத்தானே குடுக்கணும்? எவனோ தூங்கி வழிஞ்சுக்கிட்டு பட்டனை அமுக்கியிருக்கான்!

— இருப்பா, இரு. முதல் வரி சிவில்னு யாரு சொன்னா?

— யாரு சொல்லணும்? பொதுவா எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க.

— பொதுவாவா? அப்பா, நான் பதினாலு விருப்பம் எழுதினேன். பதினாலும் கம்ப்யூட்டர். சிவில்ங்கிற வார்த்தையே அதுல கிடையாது. உனக்கு எப்படித் தெரியும் முதல் வரியில என்ன இருந்துச்சுன்னு?

— ஏன், அப்பனுக்குத் தெரியக் கூடாதா?

— தெரியணும்னா என் பாஸ்வேர்டு வேணும். அதை டிராயர்ல, ஹால் டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதி வச்சிருந்தேன். திறந்தியா? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!

— ஆமாடி, திறந்தேன். மாத்தினேன். கடைசி நாள் மத்தியானம், நீ கூட்டாளிங்களோட கடலுக்குப் போயிருந்தப்ப. அதுக்கென்ன இப்ப? போலீஸைக் கூப்பிடப் போறியா?

— சீ! வெக்கமா இல்ல உனக்கு? ரெண்டு வருஷம்ப்பா! ஸ்கூல் விட்டா டியூஷன், டியூஷன் விட்டா புத்தகம். ஈஸ்டர் அன்னைக்கு எல்லாரும் ஆட்டுக்கறி தின்னுட்டு ஆடினீங்க, நான் ரூமைப் பூட்டிக்கிட்டு இயற்பியல் படிச்சேன். எனக்குன்னு இருந்தது அந்த ஒரு பட்டியல்தான். அதுல போய்க் கை வச்சியே!

— உன் நல்லதுக்குத்தான்! கம்ப்யூட்டர் படிச்சு என்ன கிழிக்கப் போற? இனிமே மெஷினே ப்ரோகிராம் எழுதிடுமாம், தினம் டிவியில சொல்றான். வீடு மனுஷன்தான் கட்டியாகணும்.

— நீ கடைசியா எப்பப்பா வீடு கட்டின? நான் பொறந்ததுல இருந்து உன் ஆபீஸ்ல ஒரு செங்கல்லைப் பாத்ததில்ல. ஊர்ல உள்ளவன் அனுமதி இல்லாம இழுத்து விட்ட பால்கனியெல்லாம் சட்டப்படி சரின்னு எழுதிக் குடுக்கிற ஃபைல், அதானே உன் தொழில்!

— அந்த பால்கனிதான்டி உனக்குச் சோறு போட்டுச்சு! நன்றி கெட்டவளே!

— மெஷின் எழுதட்டுமே! அது எழுதினது சரியா தப்பான்னு பாக்க ஆள் வேணாமா? நான் ஒண்ணும் மூணு மாசம் கோர்ஸ் முடிச்சுட்டு பட்டனுக்குக் கலர் அடிக்கப் போகலை. உள்ள என்ன நடக்குதுன்னு அடியில இருந்து படிக்கப் போறேன், அஞ்சு வருஷம்.

— பாத்ராஸ்ல வீட்டு வாடகை யாரு குடுப்பா? நான் ஒரு யூரோ தர மாட்டேன், சொல்லிட்டேன்!

— தராத. காபிக் கடையில தட்டு தூக்குவேன். ஆனா ஒண்ணு மட்டும் புரியல. நீ மாத்திட்ட. அப்புறம் எனக்கு எப்படி பாத்ராஸ் வந்துச்சு?

— அதைத்தானே நானும் அப்பத்துல இருந்து கத்திக்கிட்டு இருக்கேன்! அமைச்சகம்...

— அமைச்சகம் இல்ல லூக்காஸ். நான்.

— நீயா?

— நானேதான். அன்னைக்குச் சாயங்காலம் அதே டிராயர்ல இருந்து பாஸ்வேர்டை எடுத்து, பட்டியலைப் போய்ப் பாத்தேன். சிவில் மேல ஜம்முனு உக்காந்திருந்துச்சு. தூக்கிப் போட்டுட்டு, பழையபடி வச்சேன். பாஸ்வேர்டையும் மாத்திட்டேன்.

— அம்மா! ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?

— சொன்னா, அப்பனோட பேசாமலே ஊருக்குக் கிளம்புவ. உங்கப்பாவே தன் வாயால உளறுவாருன்னு நான் என்ன கண்டேன்?

— மாதாவே! நான் கேக்கிறேன், உனக்கு எப்படித் தோணுச்சு, போய்ப் பாக்கணும்னு? என்மேல அவ்வளவு சந்தேகமா?

— எங்கப்பா தொண்ணூத்தேழுல இதையேதான் செஞ்சாரு. அப்ப காகிதத்துல எழுதுற படிவம். நானே ஸ்கூல்ல குடுத்துடறேன்னு வாங்கிட்டுப் போனவரு, வழியில காபிக் கடையில உக்காந்து வரிசையை மாத்திட்டாரு. கம்ப்யூட்டர் கேட்டவளுக்குத் தொடக்கப் பள்ளி டீச்சர் படிப்பு வந்துச்சு. ஒரே வருஷம், விட்டுட்டு ஓடி வந்துட்டேன். அமைச்சகத்தோட தப்புன்னு அவரும் சாகுற வரைக்கும் சத்தியம் பண்ணாரு.

— ஓஹோ! அப்ப நானும் உங்கப்பனும் ஒண்ணா?

— இல்ல. அவரு போர்டுக்குச் சொல்லல.

— சிரிக்காத தனாயி! சரி, போ. பாத்ராஸுக்கே போ. ரெண்டு பேரும் சேந்து என்னை முட்டாளாக்கிட்டீங்க. ஆனா என் ஆபீஸ் கதி? நீ எழுதிக் குடுத்தியே பால்கனி ப்ரோகிராம், அது மக்கர் பண்ணா நான் யார் கால்ல விழுவேன்? ஒரு நாள் வேலையைப் பத்து நிமிஷத்துல முடிக்குது, என் மக எழுதினதுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரியறேன்!

— நான் எழுதலப்பா.

— பின்ன?

— அம்மா.

— யாரு, இவளா? இவ ஆபீஸ்ல போன் எடுத்து, காபி கலந்து குடுக்கிறவ!

— அதையும் செஞ்சேன் லூக்காஸ். நடுநடுவுல அந்த ப்ரோகிராமையும் எழுதினேன். நாலு வருஷமாச் சொல்றேன், உன் காதுல விழல.

— ஏன்ப்பா, அம்மா ராத்திரி பகலா அந்தத் தடி கம்ப்யூட்டர் புத்தகத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருந்ததை நீ பாக்கவே இல்லையா?

— சமையல் புத்தகம்னு நினைச்சேன்! சரி, சரி. எல்லாம் நல்லதுக்குத்தான். எழுதினவ நீன்னா அப்ப எனக்கு என்ன கவலை? அவ போகட்டும். நீ இங்கதானே இருக்கப் போற, ஒலிம்பியா?

— இல்ல லூக்காஸ். பரீட்சைக்கு இவளை இறக்கி விட்டுட்டு நான் கடைத்தெருவுக்குப் போகலை, நானும் இன்னொரு ஹால்ல உக்காந்து எழுதினேன். இன்னைக்கு எனக்கும் ரிசல்ட். கம்ப்யூட்டர், பக்கத்து ஊர் வோலோஸ், தினம் பஸ்ல போய் வருவேன். இந்தத் தடவை எனக்குன்னு ஒரு பட்டியல் இருந்ததே யாருக்கும் தெரியாது, அதான் தப்பிச்சுது.