கிணற்றில் இறக்கிய விளக்கு

சட்னியில் உப்பு குறைவு என்றார் என் வீட்டுக்காரர் அமிர்தலிங்கம். நான் உப்பை எடுத்து வருவதற்குள் தட்டைக் காலி செய்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டார். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. கிணற்றில் இறங்கிப் பார்க்க வேண்டும். எங்கள் கீழப்பழுவூர்ப் பக்கம் கிணற்றில் இறங்குவதற்கு முன்னால் வாளியில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து உள்ளே விடுவோம். விளக்கு அணைந்தால் கெட்ட காற்று இருக்கிறது, இறங்கக் கூடாது. அவரும் அப்படித்தான் விட்டார். விளக்கு அணையவில்லை. கிணறே எரிந்து மேலே வந்தது.

தண்ணீரில் வாடை அடிக்கிறது என்று பக்கத்துப் பெட்ரோல் பங்கில் அதற்கு முன்பே சொல்லியிருந்தோம். உங்கள் மோட்டார் ஆயிலாக இருக்கும் என்றார்கள். அவர் போன பிறகுதான் தரைக்கடியில் இருந்த தங்கள் தொட்டி ஓட்டை என்று கண்டுபிடித்தார்கள். பெரிய கண்டுபிடிப்பு.

இன்ஸ்பெக்டர் ஐயா, இதுவரை உங்கள் கோப்பில் இருக்கும். இல்லாததை நான் எழுதுகிறேன். ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்த்தவள், எழுத வரும்.

நிலத்தடி நீரைச் சுத்தம் செய்ய எந்த முறை சரிப்படும் என்று சோதிக்க ராஜராஜன் என்ற இன்ஜினியர் வந்தார். சோதனைக்கு எங்கள் கிணற்றையே எடுத்துக்கொண்டார். வந்த அன்று காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே சொன்னார்: “ஏங்கம்மா, பெட்ரோல் மெதக்குற கெணத்துல யாராச்சும் வெளக்க விடுவாங்களா? விழிப்புணர்வே இல்லீங்க, அதான்.”

இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினேன்.

முதலில் தண்ணீரைக் கரியில் வடிகட்டிப் பார்த்தார். கரி தீர்ந்தது, வாடை தீரவில்லை. அடுத்து, பெட்ரோலைத் தின்னும் நுண்ணுயிர்களுக்கு உரம் போட்டார். அவை தின்ன மறுத்தன. அவற்றுக்காவது சுரணை இருந்தது. பிறகு கிணற்றைச் சுற்றிக் குழாய் இறக்கி, இராப்பகலாகக் காற்றை ஊதி வாடையை வெளியே தள்ளினார். மிஷினைப் பார்த்துக்கொண்டவன் எங்கள் ஊர் தர்மன். “கெணத்துக்கு ஆஸ்துமாங்களா சார், இம்புட்டுக் காத்து ஊதுறீங்க?” என்று கேட்டு அவரையே சிரிக்க வைத்தவன்.

மாதங்கள் போயின. பெட்ரோல் ஆவியை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டியது. ஊர் நம்பவில்லை.

“ஊருக்கு வெளக்குதானங்கம்மா மீட்டரு? நாளைக்கு நானே என் கையால விடுறேன். எல்லாரும் வந்து பாக்கட்டும்” என்றார் ராஜராஜன்.

நல்ல யோசனை என்றேன். மதியச் சாப்பாடு என் வீட்டில் என்றும் சொன்னேன்.

மறுநாள் காலையிலும் மீட்டர் பூஜ்யம்தான். மிஷினை நிறுத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வடை, பாயசம் எல்லாம் பரிமாறிவிட்டு, மோர் எடுத்து வருவதாகச் சொல்லிக் கொல்லைக்குப் போனேன். அந்தப் பங்கிலேயே வாங்கி ஒளித்து வைத்திருந்த இரண்டு கேன் பெட்ரோலைக் கிணற்றில் ஊற்றினேன். அவர்கள் சரக்குதான். வாடையை யாரும் கவனிக்கவில்லை. பங்குக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அது வாடையே அல்ல. மோரும் கொண்டு வந்து ஊற்றினேன்.

விளக்கை ஏற்றி வாளியில் வைத்துக் கயிற்றை ராஜராஜன் கையில் கொடுத்தேன். வாங்கினார். உடனே செல்போன் ஞாபகம் வந்துவிட்டது.

“தர்மா, நீ புடிப்பா. நான் வீடியோ எடுக்கணும்.”

கயிற்றைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். சார்கள் கயிறு பிடிப்பதில்லை. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“என் மூஞ்சி நல்லா வரணும் சார், பொண்டாட்டிக்கு அனுப்பணும்” என்றான் தர்மன். கிணற்றுக்குச் சொந்தக்காரர் சொல்லாமல் விளக்கை இறக்குவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அதனால் என் பக்கம் திரும்பினான்.

“அம்மா, எறக்கட்டுங்களா?”

“எறக்குப்பா” என்றேன்.

தடுத்திருக்கலாமே என்பீர்கள். தடுத்திருந்தால், கிணறு சுத்தமாகிவிட்டது என்று எல்லாரும் நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். உண்மை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

ராஜராஜனுக்குப் புருவம் கருகியது. தர்மன் திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்தான்.

அவன் அலட்சியமாக விளக்கை இறக்கியதால் நடந்த விபத்து என்று முடித்திருக்கிறீர்கள். அது பொய். அவன் கேட்டுவிட்டுத்தான் இறக்கினான். பெட்ரோலை ஊற்றியவள் நான், இறக்கச் சொன்னவளும் நான், கமலவேணி. திருத்தி எழுதுங்கள். செத்தவன் தலையில் பழி போடுவது எனக்குப் பொறுக்காது. நான் நியாயம் பார்க்கிறவள்.

கிணறுகள் கெட்டதிலிருந்து எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான். கூட்டத்தில் என்னால் நிற்க முடியாது என்று தர்மன் பெண்டாட்டி பிரவீணா எனக்கும் சேர்த்து ஒரு குடம் பிடித்து வந்து வாசலில் வைப்பாள். இப்போதும் வைக்கிறாள்.