துடுப்பைத் தூக்காத வரை

அதைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தியே வையுங்கள். படகு மோட்டாரைப் படுக்கப் போட்டால் அடியில் தேங்கிய தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கிவிடும், அப்புறம் துருப்பிடித்து வீணாய்ப் போகும். அதோ அந்த மரச்சட்டத்தில் மாட்டிவிடுங்கள். இரண்டு திருகையும் கையால் முடுக்கினால் போதும். உங்கள் அப்பா ஆர்னி டிராக்டர்காரர், எதையும் சம்மட்டியால் அடித்துத்தான் அவருக்குப் பழக்கம். நீங்கள் பரவாயில்லை, கை பதமாக இருக்கிறது.

ஹார்லன் மகள் ஜேனல்தான் இதை என்னிடம் சேர்க்கச் சொன்னாளா? நல்ல பெண். "அப்பா மோட்டாரு வெர்லின் மாமாகிட்டயே இருக்கட்டும்"னு சொல்லியிருப்பாள், அவள் பேச்சு எனக்குத் தெரியாதா. உட்காருங்கள், காபி சூடாகத்தான் இருக்கிறது. நீங்கள் போலீஸ் உடுப்பில் வந்ததும் ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் நானே ஒரு நாள் ஷெரிஃப் ஆபீஸ் வரை வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டியிருந்திருக்கும். எனக்கு இப்போது கண் அவ்வளவு சரியில்லை.

உங்கள் அப்பா தூங்குவதே இல்லை என்று தபால் ஆபீசில் பேசிக்கொண்டார்கள். "படகு என் காலடியிலதான் கிடந்துது, நான் போயிருக்கணும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாராம். செய்யாத தப்புக்கு ஒரு நல்ல மனிதர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது. அதனால்தான் சொல்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

ஹார்லன் பிரெக்கியும் நானும் எப்படி என்று உங்களுக்கே தெரியும். நகமும் சதையும் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, பால் பண்ணையில் ஒரே ஷிப்டு. அவன் லோர்னாவைக் கட்டிக்கொண்டான், நான் ஒண்டிக்கட்டையாகவே நின்றுவிட்டேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. லோர்னா போய்ச் சேர்ந்த பிறகு சாயங்காலமானால் அவன் இங்கே வந்துவிடுவான். பழைய மோட்டார் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவோம். பேச்சு அதிகம் இருக்காது. அவனுக்கும் எனக்கும் பேசித் தீர்க்க என்ன இருக்கிறது?

வருஷா வருஷம் பழைய இயந்திரக் கண்காட்சியில் அவன் மோட்டார் வரிசையும் என் வரிசையும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். உங்கள் அப்பா வகையறா அந்தப் பக்கம் டிராக்டர்களைப் புகைய விட்டுக்கொண்டிருப்பார்கள். நாங்கள் ஏரிக்கரை வேலியோரம் மோட்டார்களை மரச்சட்டத்தில் மாட்டி வைத்து, ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் இறக்கி ஓட்டிக் காட்டுவோம். நீங்கள் குட்டிப் பெண்ணாக இருந்தபோது அந்தப் பீப்பாய்த் தண்ணீர் மேலே தெறித்து ஓவென்று அழுதீர்கள். ஹார்லன்தான் தன் சட்டையால் உங்கள் முகத்தைத் துடைத்துவிட்டான்.

அவனுடைய இதயம் கெட்டுப்போன விஷயம் என் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும். எதையும் வெடுக்கென்று இழுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கயிற்றைச் சுற்றி இழுத்துக் கிளப்புகிற மோட்டார்களை வைத்திருக்கிறவனிடம் போய் இப்படிச் சொன்னால்? அவன் இங்கேதான், நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில் உட்கார்ந்து சொன்னான்.

"ஜேனல் காதுல விழுந்துச்சுன்னா என்னை மூட்டை கட்டி அரிசோனாவுக்குத் தூக்கிட்டுப் போயிடுவாடா. வாயைத் திறந்துடாத."

நான் திறக்கவில்லை. அதிலிருந்து கண்காட்சியில் அவன் மோட்டார்களுக்கும் நான்தான் கயிறு இழுத்தேன். ஊரார் கண்ணில் படக் கூடாதே என்று அதை ஒரு கூத்தாகவே ஆக்கிவிட்டோம். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "பாவம்ப்பா, இவன் மோட்டார் எதுவும் ஓடாது. என்னோடதையாவது இழுத்துப் பார்த்து மனசை ஆத்திக்கட்டும்" என்பான். கூட்டம் சிரிக்கும். நான் முறைத்துக்கொண்டே இழுப்பேன். உண்மையைச் சொன்னால், என் ஆயுசிலேயே நான் சந்தோஷமாக இருந்தது அந்த இரண்டு வருஷம்தான். நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவனால் ஒரு மோட்டாரைக் கூடக் கிளப்ப முடியாது. அது அவனுக்கும் தெரியும்.

இந்த வருஷக் கண்காட்சியின் முதல் நாள் காலையில், மோட்டாரைத் துணியால் துடைத்துக்கொண்டே, வானிலை பேசுகிற மாதிரிச் சொன்னான். ஜேனலிடம் அவனே எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம். கண்காட்சி முடிந்ததும் செவ்வாய்க்கிழமை அரிசோனாவுக்குப் புறப்படுகிறானாம். வரிசை மொத்தத்தையும் விஸ்கான்சின்காரர் ஒருவர் எடுத்துக்கொள்கிறாராம்.

"அங்க ஏரியே கிடையாதேடா," என்றேன்.

"ஜேனல் வீட்டுக்குப் பின்னால நீச்சல்குளம் இருக்காம். பேரப்பிள்ளைங்க இருக்கு. போதும்டா எனக்கு." அப்புறம் என் தோளைத் தட்டினான். "குளிர்காலத்துல நீயும் வந்து ஒரு வாரம் தங்கிட்டுப் போயேன்."

ஒரு வாரம். ஏதோ தூரத்துச் சொந்தக்காரனைக் கூப்பிடுகிற மாதிரி. நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. "பார்க்கலாம்" என்றேன். மேற்கொண்டு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கடைசி நாள் மோட்டார்களை நிஜ ஏரியில் இறக்குவோம் அல்லவா, ஒருவர் திரும்பிய பிறகு அடுத்தவர், ஆளுக்கு ஒரே ஒரு சுற்று. அந்தச் சுற்றின் வழக்கம் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நடு ஏரியில் யாருடைய மோட்டாராவது நின்றுபோனால் கரையிலிருக்கிறவர்கள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அவனாகத் துடுப்பை மேலே தூக்கிக் காட்டினால்தான் இழுத்து வர இன்னொரு படகு போகும். அதற்கு முன்னால் போனால் அவனை அவமானப்படுத்துவதாக அர்த்தம். லாயிட் ஸ்லெட்டன் ஒருதரம் துடுப்பைத் தூக்க மனமில்லாமல் எதிர்க்கரைக்கே மிதந்து போய், படகை நாணலில் கட்டிவிட்டு ஊரைச் சுற்றி நடந்து வந்தான். சாப்பாட்டுக் கூடாரத்தில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எங்கள் ஆட்கள் அப்படி.

ஹார்லன் அன்றைக்கு எடுத்துப் போனது இந்த மோட்டார்தான். மேலே பெட்ரோல் டாங்கி மூடி இருக்கிறது பாருங்கள், அதன் நடுவில் ஒரு குட்டித் திருகு. ஓட்டும்போது அதைத் தளர்த்திவிட வேண்டும். அந்த ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும், மோட்டார் நின்றால் யாரும் முதலில் பார்ப்பது அந்தத் திருகைத்தான். அதனால் நான் திருகைத் தொடவில்லை. ஹார்லன் சோளம் வாங்க வரிசையில் நின்றபோது மூடியைக் கழற்றி, உள்பக்கமாக அந்த ஓட்டையில் மெழுகுவர்த்தி மெழுகை வைத்து அடைத்தேன். வேண்டுமானால் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள், மெழுகு இன்னும் அங்கேதான் இருக்க வேண்டும்.

அப்படிச் செய்தால் மோட்டார் கரையில் ஒழுங்காகக் கிளம்பும், நடு ஏரியில் நின்றுவிடும். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்ப்பான், காற்று உள்ளே போகும். மூடிவிட்டு இழுத்தால் கிளம்பும், கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிற்கும். அடியோடு செத்துப்போன மோட்டாரை மனிதன் விட்டுவிடுவான். ஓடி ஓடி நிற்கிற மோட்டாரை விடவே மாட்டான். அதிலும் ஹார்லன், தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிறவன்.

ஆனால் ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது அவனுக்குத் தெரியுமே. ஒரு தரம் இழுப்பான், இரண்டு தரம் இழுப்பான், அப்புறம் புத்தி வந்து துடுப்பைத் தூக்குவான் என்று கணக்குப் போட்டேன். நான் என் படகில் போவேன், கயிறு கட்டி இழுத்து வருவேன். ஊர் முழுக்கப் பார்க்கும். இந்த வயதில், இந்த இதயத்தோடு, யார் துணையில்லாமல் தன்னால் இருக்க முடியாது என்று அவனுக்கே உறைக்கும். அவ்வளவுதான் நான் கேட்டது. கட்டி இழுக்கிற கயிற்றைக் கூடப் புதிதாக வாங்கி வைத்திருந்தேன்.

படகுத்துறையில் வழக்கம்போல நான்தான் கயிறு இழுத்துக் கிளப்பிக் கொடுத்தேன். மிதவைச் சட்டையைப் போட்டுக்கொள்ளாமல் மடித்து மெத்தையாகப் போட்டு உட்கார்ந்தான். "வரேண்டா கிழவா" என்று கையை ஆட்டினான். கறுப்பு வேட்டைத் தொப்பி, லோர்னா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். மோட்டார் சத்தம் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராகக் கேட்டது.

நடு ஏரியில் நின்றது. கரையில் எல்லோரும் காபியும் டோனட்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். வெயில் எதிரில் விழுந்து தண்ணீர் கண்ணைப் பறித்தது, படகு ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் தெரிந்தது. ஏரிச் சுற்றை மேற்பார்வை பார்க்கிறவன் நான் என்பதால் தொலைநோக்கி என் கழுத்தில் தொங்கியது. அவன் இழுத்தான், ஓடியது, நின்றது. மறுபடி இழுத்தான்.

உங்கள் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். "என்னப்பா வெர்லின், இவன் இன்னும் இழுத்துக்கிட்டே இருக்கான்? ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

"துடுப்பைத் தூக்கலையே ஆர்னி. நீ போனா உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான்."

"அதுவும் சரிதான்," என்று உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார். "இல்லப்பா, எனக்கு என்னமோ சரியாப் படலை."

"அவனை எனக்குத் தெரியாதா? உக்காருய்யா, டோனட்டைத் தின்னு."

என் பேச்சை யார் தட்டுவார்கள்? ஹார்லனைப் பற்றி ஊரில் கடைசி வார்த்தை என்னுடையதுதான்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தேன். விளையாட்டு வினையாயிற்று என்று நீங்கள் எழுதிக்கொண்டு போயிருப்பீர்கள், ஜேனல் கூட என்றைக்காவது என்னை மன்னித்திருப்பாள். ஆனால் உங்கள் அப்பாவுக்கு அப்போதும் தூக்கம் வராது. துடுப்பைத் தூக்காவிட்டாலும் நான் போயிருக்க வேண்டும் என்று சாகும்வரை அரற்றிக்கொண்டிருப்பார். ஆகவே மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

ஹார்லன் துடுப்பைத் தூக்கினான்.

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் தலைக்கு மேலே தூக்கினான். தொலைநோக்கியில் அவன் முகம் எனக்குப் பக்கத்தில் தெரிந்தது. அவனுக்கு நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியும், நேராக என்னைத்தான் பார்த்தான். அவன் வாழ்நாளில் யாரிடமும் உதவி கேட்டதில்லை. என்னிடம் கேட்டான்.

உங்கள் அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "அவன் கையில என்னமோ தெரியுதே?"

"பாசி சுத்திக்கிச்சு போல. துடுப்பால தள்ளி விடுறான்," என்றேன்.

மறுபடியும் தூக்கினான். இந்தத் தரம் அவ்வளவு உயரம் எழவில்லை. பிறகு துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் முன்பக்கமாகச் சாய்ந்தான்.

நான் ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போயிருந்தால் எனக்கு நன்றி சொல்லியிருப்பான். ராத்திரிச் சாப்பாட்டில் என்னைக் கிண்டல் பண்ணியிருப்பான். செவ்வாய்க்கிழமை அரிசோனாவுக்குப் போயிருப்பான். படகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இது எனக்குத் தெளிவாகத் தோன்றியது. பதற்றமெல்லாம் இல்லை. துக்கம்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. உங்கள் அப்பா கடைசியில் என்னைக் கேட்காமலே படகைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் ஒருவர்தான் போனார் என்று அவரிடம் சொல்லுங்கள்.

சாம்பலை அரிசோனாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஜேனல் ஆசைப்பட்டாள். "லோர்னா பக்கத்துல படுக்கணும்னு என்கிட்ட சொல்லியிருக்காம்மா" என்றேன். அப்படி அவன் சொன்னதில்லை. அவள் நம்பினாள், அழுதாள், தனியாக விமானம் ஏறிப் போனாள். இப்போது சர்ச்சுக்குப் பின்னால், சரிவில் இருக்கிறான். இந்த ஜன்னலிலிருந்தே அந்த இடம் தெரியும். தினமும் சாயங்காலம் மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

காபியைக் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது. கோட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன், புறப்படலாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், என்னை எங்கே வைப்பதானாலும் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஹார்லனுக்குத் தனியாக இருந்து பழக்கமில்லை.