பெயரை மாற்றினால் நிற்காத மடல்: லொரைன் ஓல்ட்ராய்ட் அவர்களுக்கு

லீட்ஸ் நகரத்து மழைக்கும் மறுப்பு மின்னஞ்சலுக்கும் ஒரே நிதானத்தோடு குடை விரித்த கோமகளே! ஆர்மிட்ஜ் சட்டப் பள்ளியின் இரண்டாம் மாடியில், வெந்நீர்க் குழாய் ஓயாது முனகும் வேலைவாய்ப்பு அறையில், இருபத்தாறு ஆண்டுகள் சிவப்புப் பேனா ஏந்திச் சொல்லின் சோடிப்பைச் சுரண்டியெடுத்த செம்மையாளரே! வணிகச் சட்ட நிறுவனங்களின் வாசலில் வாய்ப்புக்கு வரிசை கட்டியவர்களை, வாக்கியம் வாக்கியமாக வலுவேற்றி உள்ளே அனுப்பிய வல்லவரே! எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் உரிய லொரைன் ஓல்ட்ராய்ட் அவர்களே! வணக்கம்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கை இந்நேரம் கைப்பையில் பேனாவைத் தேடுவது இங்கிருந்தே தெரிகிறது. ‘கோமகளே’ என்பதன் கீழ் கோடு இழுத்து, ஓரத்தில் ‘ஆதாரம்?’ என்று எழுதத் துடிக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், லொரைன். பிரிவு மடல் என்றால் முதல் பத்தியில் சாமரம் வீசியே ஆகவேண்டும், அது முறை. ஆதாரம் பின்னால் வருகிறது.

இந்த மடலை எழுதும் பொறுப்பை வரவேற்பு மேசைக்காரனான நெவில் பிக்கர்ஸ்கில் தலையில், அதாவது என் தலையில், கட்டிவிட்டார்கள். ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ‘கடமை தவறாத கண்ணியரே, பொறுமையின் பொற்குடமே’ என்று இரண்டு பக்கம் எழுதினேன். உங்கள் அறையில் உங்களோடு பதினாறு ஆண்டுகள் ஆலோசகராக இருந்த ஜோசஃபின் அடெயின்கா அதை வாங்கிப் படித்தார். உங்கள் பெயரை அடித்துவிட்டு, கொதிகலன் பழுதுபார்க்க வரும் ட்ரெவரின் பெயரை எழுதி உரக்க வாசித்தார். ஒரு சொல்கூட இடறவில்லை. “நெவில், இது ட்ரெவருக்குக் கச்சிதமா பொருந்துது. அவருக்கே குடுத்துரலாமா?” என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அந்தச் சோதனையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள் என்பதால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அவையோர் அறியட்டும். சட்டம் படித்து முடித்த பிறகும், ஒரு நிறுவனம் பயிற்சி வழக்கறிஞராகச் சேர்த்துக்கொண்டால்தான் இந்த நாட்டில் வழி திறக்கும். ஒரு நாற்காலிக்கு நூறு பேர் மோதுவார்கள். ‘எங்கள் நிறுவனத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?’ என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்கும். ‘தங்கள் உலகளாவிய வீச்சும் நட்பார்ந்த பண்பாடும் என்னைக் கவர்ந்தன’ என்று ஊரே எழுதும். நீங்கள் அந்த நிறுவனத்தின் பெயரை எடுத்துவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் அதன் போட்டியாளரின் பெயரைப் போட்டு வாசிப்பீர்கள். அப்போதும் வாக்கியம் நின்றால் தாளைத் திருப்பிக் கொடுப்பீர்கள். “கண்ணு, என் பல் டாக்டர் பேரப் போட்டாலும் இது நிக்குதே. அவர்கிட்ட சேரப் போறியா?” என்று நீங்கள் கேட்டதில் அழுதவர்கள் உண்டு, முறைத்தவர்கள் உண்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு மறுநாள் புதுத் தாளோடு வந்தவர்களும் உண்டு. திரும்பி வராதவரை நான் பார்த்ததில்லை.

இந்த அறைக்கு நீங்கள் வகுத்த இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். இடம் கிடைத்தவருக்குக் கைகுலுக்கல் மட்டும். கிடைக்காதவருக்குத்தான் நாற்காலியும், தேநீரும், இஞ்சி மணக்கும் பார்க்கின் கேக்கும். “ஜெயிச்சவனுக்கு ஊரே கேக் வெட்டும், தோத்தவனுக்கு நாம வெட்டுவோம்” என்றீர்கள். உங்கள் கணவர் கிளைவுக்கு அந்தக் கேக்கைச் செய்தே இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று நீங்கள் சொல்வீர்கள். அவரும் இங்கே இருக்கிறார், இதை மறுக்கவில்லை.

இனி அந்த இலையுதிர்காலத்துக்கு வருகிறேன். சொல்ல வேண்டாம் என்று நீங்கள் தடுத்ததைத்தான் சொல்லப் போகிறேன். இன்றைக்கு உங்கள் பேச்சு எடுபடாது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், விண்ணப்பங்கள் மலைபோல் குவியும் அக்டோபரில், நிர்வாகம் சீரமைப்பு என்று அறிவித்தது. அவரவர் செய்துகொண்டிருக்கும் வேலைக்கு அவரவரே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், தேறினால் இருக்கலாம். இந்த நாட்டில் இப்படி ஒரு கூத்து உண்டு, அதை யாரும் கூத்து என்று சொல்வதும் இல்லை. எங்கள் இருவர் பணிக்கும் ஆபத்தில்லை. உங்கள் பணிக்கு மட்டும் ஒரு மாற்று தயாராக இருந்தது. மாணவர் விண்ணப்பத்தைக் கணினியில் ஏற்றினால் அதுவே மதிப்பெண் போட்டுத் திருப்பித் தரும் என்றார்கள். நீங்கள் தேறாவிட்டால் அந்த நாற்காலி காலி, அந்தக் கேள்விகள் காலி, பாதி எழுதிய தாளோடு வாசலில் நின்ற அத்தனை பேரும் ஒரு திரையோடு பேசிக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனை ஆண்டுகள் ஊரார் விண்ணப்பத்தை உரமேற்றியவர் தமது விண்ணப்பத்தை ஊதித் தள்ளிவிடுவார் என்று நாங்கள் கவலையில்லாமல் இருந்தோம். விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு முந்தைய நாள் மதியம் நீங்கள் அதைக் கொண்டுவந்து ஜோசஃபின் மேசையில் வைத்தீர்கள்.

“எழுத்துப்பிழை மட்டும் பாரு, போதும்” என்றீர்கள்.

ஜோசஃபின் படித்தார். முகம் மாறியது. என்னிடம் நீட்டினார். ‘மாணவர் நலனில் ஆழ்ந்த ஈடுபாடும், குழுவாகச் செயல்படும் திறனும், மாற்றங்களை ஏற்கும் மனப்பாங்கும் கொண்டவர் லொரைன் ஓல்ட்ராய்ட்.’ ஐயோ, என் தாயே! உங்கள் கையால் இதையா எழுதினீர்கள்? மாணவர்களைக் கண்டால் எரிந்து விழுபவன் நான் என்பது இந்தக் கட்டடத்துக்கே தெரியும். உங்கள் பெயரை எடுத்துவிட்டு, ‘மாணவர் நலனில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர் நெவில் பிக்கர்ஸ்கில்’ என்று உரக்கப் படித்தேன். நின்றது. அம்மாடி, என்னமாய் நின்றது!

நீங்கள் சிவந்துபோனீர்கள். “என்னைப் பத்தி நானே என்னத்த எழுதறது? நான் பெரிய ஆளுன்னு பீத்திக்கவா? வேலையக் குடுத்தாங்க, செஞ்சேன். எங்க வீட்ல அப்படியெல்லாம் வளக்கல” என்றீர்கள். எங்கள் யார்க்ஷயர் மண்ணில் பிறந்த எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாணவர்களிடம் அந்த வியாதியை இருபத்தாறு ஆண்டுகள் விரட்டியவர் நீங்கள். உங்களுக்கு வந்தபோது மட்டும் அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டீர்கள்.

ஜோசஃபின் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். தோற்றவர்கள் உட்காரும் அந்த நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க லொரைன். நீங்க கேக்கற கேள்வியத்தான் கேக்கறேன். என்ன செஞ்சீங்க? நீங்க செய்யலேன்னா என்ன ஆயிருக்கும்? அதப் பாத்தது யாரு? சொல்லுங்க, ஷெரிஸ் பாம்ஃபோர்த்துக்கு என்ன செஞ்சீங்க?”

“அது ஒண்ணும் பெருசில்ல. லீவு நாள்ல போனது. ஆபீஸ் வேலையில சேராது.”

“சேருதா சேரலையான்னு நான் பாத்துக்கறேன். சொல்லுங்க.”

நீங்கள் சொன்னீர்கள். நம் மாணவி ஷெரிஸ் எல்லா நிறுவனத்திலும் முதல் சுற்றிலேயே கழிந்துகொண்டிருந்தார். விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லை, ஒரு உயிரும் இல்லை. சனிக்கிழமைகளில் அவர் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கடையில் வேலை பார்ப்பது அதில் எங்கும் இல்லை. அதை எழுதினால் மதிப்புக் குறைவு என்று மறைத்துவிட்டார். நீங்கள் ஒரு சனிக்கிழமை பேருந்து பிடித்து அந்தக் கடை இருக்கும் ஹன்ஸ்லெட்டுக்குப் போனீர்கள். சும்மா நின்றால் சந்தேகப்படுவார்களே என்று ஒரு குதிரையின் மேல் பந்தயம் வேறு கட்டினீர்கள். அது கடைசியில் வந்தது. ஒரு முரட்டு ஆள் தன் சீட்டுக்குப் பணம் தரவில்லை என்று கவுண்டர் கண்ணாடியைக் குத்திக் கத்தியபோது, ஷெரிஸ் குரலை உயர்த்தாமல் சீட்டின் பின்னாலிருந்த விதியை விரல் வைத்துப் படித்துக் காட்டி, அந்த ஆளுக்கே அதன் அர்த்தம் புரியும்வரை மூன்று விதமாய் விளக்கி, கடைசியில் அவன் வாயாலேயே “சரிம்மா, தேங்க்ஸ்” என்று சொல்லவைத்து அனுப்பியதை நீங்கள் அங்கே நின்று பார்த்தீர்கள்.

“திங்கக்கிழமை அவளைக் கூப்ட்டு, ஒப்பந்தத்தப் படிச்சுக் கோபக்காரனுக்குப் புரியவெக்கறதுதான் வணிக வழக்கறிஞர் வேலையே, அத நீ வாராவாரம் கண்ணாடிக்குப் பின்னால நின்னு செய்யற, அத எழுதுடி கண்ணுன்னு சொன்னேன். அவ்வளவுதான்” என்றீர்கள்.

அவ்வளவுதானாம்! மளிகைக்கடைக்கும் முதியோர் இல்லத்துக்கும் பேருந்துப் பணிமனைக்கும் இப்படி எத்தனை சனிக்கிழமை போயிருக்கிறீர்கள் என்று அன்று ஒவ்வொன்றாகக் கறந்தோம். ஒரே அறையில் இருந்தும் எங்களுக்கு அதில் பாதி தெரியாது. நீங்கள் போகாதிருந்தால் அவர்கள் எல்லாரும் தங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரே நிஜத்தை அழித்துவிட்டு, உலகளாவிய வீச்சைப் புகழ்ந்துகொண்டே இருந்திருப்பார்கள். ஜோசஃபின் உங்கள் கையில் பேனாவைத் திணித்தார். நீங்கள் எழுதினீர்கள். எழுதும்போது உங்கள் கண் கலங்கியதை நான் பார்த்தேன். கேட்டால் வெங்காயம் என்பீர்கள், அந்த அறையில் ஏது வெங்காயம்?

அந்தத் தாளில் எந்தப் பெயரையும் மாற்றிப் போட முடியவில்லை. நான் முயன்று பார்த்தேன்.

முடிவு தெரியும் நாள் வந்தது. நேர்முகத்தில் குழுத் தலைவர் முதலில் கேட்டது “எந்தக் குதிரைங்க?” என்பதுதான் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. கிளைவிடம் சொல்லி ஒரு பார்க்கின் வரவழைத்து ஜோசஃபின் மேசைக்கடியில் ஒளித்து வைத்தோம். நீங்கள் தோற்றால் உங்களுக்கு யார் வெட்டுவது? மாடியிலிருந்து உங்களைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தீர்கள். வாசலில் நின்று லேசாகத் தலையாட்டினீர்கள். தேறிவிட்டீர்கள்! நாங்கள் இருவரும் எழுந்து ஓடி வந்து கையை நீட்டினோம்.

அப்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் மெரிக் நின்றிருந்தார். ஒரே நிறுவனத்துக்கு மூன்றாம் ஆண்டாக விண்ணப்பித்தவர். கையில் கைபேசி. இந்த முறையும் இடமில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். நாங்கள் நீட்டிய கைகளைத் தாண்டிப் போனீர்கள். “இங்க இஞ்சி வாசம் அடிக்குதே, எடுங்க” என்றீர்கள். உங்களுக்காக வைத்திருந்த கேக்கை மேசைக்கடியிலிருந்து இழுத்து, அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்து, பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்து, “சாப்டு. அப்புறம் பேசலாம்” என்றீர்கள். சாயங்காலம் வரை அவரோடு இருந்தீர்கள். நீங்கள் பிழைத்ததை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் போன பிறகு உங்களுக்கு நேரமாகிவிட்டது, கோட்டை மாட்டிக்கொண்டு பேருந்துக்கு ஓடிவிட்டீர்கள்.

அறத்தின் அணிகலனே, அன்பின் ஆழியே என்றெல்லாம் முதல் வரைவில் எழுதியிருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். மெரிக்குக்கு நீங்கள் கேக் வெட்டிய அந்த நாளுக்கு என்னிடம் அடைமொழி இல்லை, லொரைன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இதை இருபது ஆண்டுகளாகச் சொல்லாமல் இருந்தேன், நானும் யார்க்ஷயர்க்காரன்தானே.

இரண்டாம் வரிசையில் ஷெரிஸ் பாம்ஃபோர்த் இருக்கிறார், இன்று பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களை விரல் வைத்துப் படித்துக் காட்டுகிறார். அவருக்குப் பக்கத்தில் மெரிக். நான்காவது முறை தேறியவர். உங்கள் நாற்காலியில் நாளை முதல் ஜோசஃபின் உட்காருவார். சனிக்கிழமைகளில் பேருந்து ஏற என்னையும் இழுத்துப் போவாராம். ஆதாரம் கேட்டீர்களே, திரும்பிப் பாருங்கள், உட்கார்ந்திருக்கிறது.

நீங்களும் கிளைவும் நோய்நொடி அண்டாமல், மூட்டுவலி முந்தாமல், விட்பிக் கடற்கரையில் காற்று வாங்கி, காய்கறித் தோட்டத்தில் கத்தரித்துக் களைபிடுங்கி, யார் எழுதியதையும் திருத்த வேண்டாத நிம்மதியில் நூறாண்டும் அதற்கு மேலும் வாழ வேண்டுமென நெஞ்சார வாழ்த்துகிறோம். செய்தித்தாளைத் திருத்தினால் தடுக்க மாட்டோம்.

பிரிவு விழாவில் கேக் இல்லையே என்று வந்தவர்கள் மேசையைப் பார்க்கிறார்கள். இருக்காது. இந்த அறையில் கேக் தோற்றவர்களுக்குத்தான். உங்களுக்கு அன்றைக்கு நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.

எழுந்து வாருங்கள், லொரைன். கையைக் கொடுங்கள்.

இங்ஙனம்,
நெவில் பிக்கர்ஸ்கில், ஜோசஃபின் அடெயின்கா
வேலைவாய்ப்பு அறைப் பணியாளர்கள்
ஆர்மிட்ஜ் சட்டப் பள்ளி, லீட்ஸ்