பூனை மேல் போட்ட பழி

— மெதுவா, ஓட்னி அக்கா. நாற்காலியை இழுக்காத. வாத்து எழுந்துரும்.

— எனக்கே பாடமா, ஏலிஃப்? நாப்பது வருஷமா இந்தத் தீவுல காட்டு வாத்துக்கு வீடு கட்டிக் குடுத்து, அது கூட்டுல விட்டுட்டுப் போற மெல்லிறகை எடுத்துப் பொழைக்கறவ நான். போன வருஷம் நீ போட்ட ஒரு தும்மல்ல ரெண்டு கூடு காலியாச்சு, கேட்டியா. நகரு, எனக்கும் ஜன்னல்ல இடம் விடு. என்னத்தப் பார்த்து இப்படி வெளிறிப்போய் நிக்கற?

— பலகைக் கூரை போட்ட அந்தக் கூட்டு வீடு. அதுக்குப் பக்கத்துல யாரு நிக்கறதுன்னு பாரு.

— நம்ம மானுதானே? நிறை சினை, பாவம். புல்லு மேய வந்திருக்கு. இதுக்கா அடுப்புல மீனைப் போட்டுட்டு வரச் சொன்ன?

— புல்லு கீழ இருக்கு. அது தலை எங்க இருக்கு?

— கூட்டுக்குள்ள... அடியில போட்ட கடல்பாசியை இழுக்குதோ என்னவோ. அட, வாத்து ஏன் வெளியில நிக்குது?

— இந்தா, பைனாகுலர். வாயைப் பாரு.

— ஐயோ.

— தெரியுதா?

— ஐயோ, மஞ்சக்கரு ஒழுகுதேடா! முட்டைடா அது! மான் முட்டை திங்குது!

— சத்தம் போடாத அக்கா...

— மான் எங்கேயாவது முட்டை திங்குமாடா? இலையும் புல்லும் திங்கற ஜென்மம்! நாளைக்கு ஆடு மீன் பிடிக்கப் போகும்னு சொன்னாக்கூட நம்ப வேண்டியதுதான் போல.

— ரெண்டாவது எடுக்குது. ஓட்டோட கடிக்குது.

— நீயே வச்சுக்கோ இதை. என்ன சாதுவா நிக்குது பாரு, வாயைத் தொடச்சுவிட்ட குழந்தையாட்டம்.

— வயித்துல குட்டி இருக்கில்ல. எலும்பு வளரணும். நம்ம பாறைப் புல்லுல என்ன சத்து இருக்கு? சுண்ணாம்புச் சத்துக்கு அலையுது போல.

— குன்வோர்.

— பாறைக்கு அந்தப் பக்கத்து வீட்டு குன்வோரா? அவளுக்கு என்ன?

— அவகிட்ட நான் என்னெல்லாம் பேசினேன் செவ்வாய்க்கிழமை! "வாத்து வர்றதுக்கு முன்னாடி நாய், பூனை எல்லாம் படகேறி அக்கரைக்குப் போயிரணும். இது உன் தாத்தா காலத்துச் சட்டம். நீ படுக்கையறையில பூனையை ஒளிச்சு வச்சிருக்கியா"ன்னு வாசல்ல நின்னு கத்தினேன். வாத்து காலத்துல நானே கத்தினேன், பாரேன். "என் முட்டையெல்லாம் உன் பூனை மோன்ஸ்தான் திங்குது"ன்னேன்.

— அவ அழுதா. நானும்தானே நின்னேன் அங்க.

— புருஷன் போய் அஞ்சு மாசம் ஆகல. அந்த வீட்டுல மூச்சு விடற இன்னொரு உசிரு அது ஒண்ணுதான்னு கெஞ்சினா. கரையில யார் வீட்டுலயாவது ரெண்டு மாசம் விட்டு வச்சுக் கூட்டிட்டு வர்றேன்னா. நான் கேட்டேனா? "ருசி கண்ட பூனை எங்க விட்டாலும் சும்மா இருக்காது, வெள்ளிக்கிழமைப் படகுல மிருக டாக்டர்கிட்ட அனுப்பு, ஊசி போட்டு முடிக்கட்டும்"னேன். அந்த நாள் வரைக்கும் வீட்டுலயே பூட்டி வைன்னு வேற மிரட்டினேன். புதன்கிழமை நாலு முட்டை போச்சு, நேத்து ஏழு. அப்பவும் என்ன சொன்னேன்? அவ பூட்டாம விட்டுட்டான்னு அவளைத்தான் திட்டினேன்.

— திட்டினது எனக்கும் கேட்டுச்சு.

— நேத்து பால் குடுக்கப் போனப்ப என் மூஞ்சியைப் பார்த்தா. கோவமே இல்ல. ஏதோ நான்தான் நோயாளி மாதிரி பரிதாபமா பார்த்தா. என்னடா பார்வை இதுன்னு நேத்திலேர்ந்து உறுத்திட்டே இருக்கு... மணி என்ன?

— பதினொண்ணே முக்கால்.

— ஊசி எத்தனை மணிக்கு?

— பன்னெண்டுக்குன்னு சொல்லியிருந்தாங்க.

— போன் பண்ணு! டாக்டருக்குப் போன் பண்ணுடா!

— இந்த வீட்டுல என்னைக்கு சிக்னல் கிடைச்சுது? படகுத்துறைக்குப் போகணும்.

— போ!

— தீவு ஓரமாவே சுத்தி மெதுவா நடந்தா நாப்பது நிமிஷம். அதாவது, உன் சட்டப்படி நடந்தா.

— அப்ப கூடுகளுக்கு நடுவுல ஓடு. அஞ்சு நிமிஷம்.

— என்ன சொல்ற?

— ஓடுன்னு சொல்றேன்.

— அக்கா, நீயா சொல்ற? கோட்டு நிறம் மாறினா வாத்து மிரளும்னு ரெண்டு மாசமா இந்த அழுக்குக் கோட்டோட என்னைச் சுத்த விட்டவ நீ. மே பதினேழு, தேசிய நாளு, நார்வே முழுக்கக் கொடி பறக்குது, நம்ம கம்பத்துல மட்டும் ஏத்தக் கூடாதுன்ன. படபடன்னு அடிக்குமாம். இப்ப நூத்திருபது கூட்டுக்கு நடுவுல நான் ஓடினா என்ன ஆகும் தெரியுமா?

— எல்லாம் எழுந்து கடலுக்குப் போயிரும். பாதி திரும்ப வராது. முட்டை ஆறிப்போகும். அடுத்த வருஷம் வேற தீவு பார்த்துக்கும். எனக்கா தெரியாது?

— இதுதானே அக்கா உனக்கு எல்லாமே.

— ஆமா, எல்லாமேதான். அதுக்காக ஒரு பாவமும் செய்யாத உசிரைக் கொல்லச் சொல்லிட்டு இங்க உக்காந்து மீன் திங்கவா? ஏன் மரம் மாதிரி நிக்கற? சரி, நான் ஓடறேன். என் பூட்ஸ் எங்க? கதவை விடுடா!

— உக்காரு அக்கா. மோன்ஸ் கரைக்குப் போகல.

— என்ன உளர்ற? காலைல கூடையோட நீதானே துறைக்குப் போன?

— கூடையில என் பழைய ஸ்வெட்டர்தான் இருந்துது. மோன்ஸ் நம்ம படகுக் கொட்டகைப் பரண்ல, வலைக்குப் பின்னாடி இருக்கு. பூட்டு போட்டிருக்கேன். நீ தேடற மீன் தலையெல்லாம் அதுக்குத்தான் போகுது.

— அடப் பாவி. அடப் பாவி! உன்னை அடிக்கறதா, கட்டிப் பிடிச்சு அழறதா? உசிரோட இருக்கா?

— உசிரோடதான். ஒரு சுத்து பெருத்தும் போச்சு.

— அப்பாடா... குன்வோருக்குத் தெரியுமா?

— அவதான் எடுத்துக் குடுத்தா. செவ்வாய்க்கிழமை சாயங்காலமே. பூட்டி வச்சா முட்டை போறது நிக்கும், அப்புறம் உன்கிட்ட சமாதானமா பேசலாம்னு ரெண்டு பேரும் நெனச்சோம்.

— இரு, இரு. செவ்வாய்க்கிழமையே பூட்டிட்டியா? அப்புறமும்தானே பதினோரு முட்டை போச்சு! அப்ப பூனை இல்லைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்.

— தெரியும்.

— தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே? கடிச்சுத் தின்னுடுவேனா உன்னை?

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதாவது... கொல்லைப்புறக் கல்லு மேல முட்டை ஓடு கிடந்துது, அக்கா. தினமும். நுணுக்கிப் போட்டு.

— அதுவா? வசந்தம் தொடங்கினப்ப வழக்கம்போல கூட்டுக்கு ஒரு முட்டை நமக்குன்னு எடுத்தோமே, அந்த ஓடு. டப்பாவுல சேர்த்து வச்சு, தினம் ஒரு பிடி நுணுக்கிப் போடுவேன். அந்த மானுக்குத்தான். சினையாச்சே, எலும்புக்கு நல்லதுன்னு. ஜன்னல் வரைக்கும் வந்து நக்கித் தின்னுட்டுப் போகும்... ஐயோ.

— அக்கா.

— ஐயோ, ஏலிஃப். ருசி காட்டினதே நான்தானா? என் கையால பழக்கிவிட்டுட்டு, ஒரு விதவை வீட்டு வாசல்ல நின்னு கத்தினேனா?

— மான் கதை எனக்கு இப்பத்தான் தெரியுது. இத்தனை நாள் தெரியாது.

— அப்ப அந்த ஓட்டைப் பார்த்துட்டு என்னதான் நெனச்ச? மூஞ்சியைத் திருப்பாத. சொல்லு.

— தீவுல மொத்தம் மூணு பேரு. குன்வோருக்கு இடுப்பு சரியில்ல, அவளால பாறை தாண்டி வர முடியாது. நான் எடுக்கல. பூனை பரண்ல பூட்டிக் கிடக்கு.

— அதனால?

— மிச்சம் நீ ஒருத்திதான் இருந்த, அக்கா. குன்வோரும் அதைத்தான் சொன்னா. நேத்து உன்னை அப்படிப் பார்த்ததும் அதனாலதான்.