காமெராவின் பெயரில் கிடைத்த அண்ணன்

கிழக்கேகோட்டையில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன் ஸீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி மற்றவளைத் தற்செயலாகச் சந்தித்த பழைய சிநேகிதி போலிருந்தது.

"அண்ணா பேரைப் போட்டுத் தேடினா ஒண்ணும் வரலை. அவன் காமெரா பேரைப் போட்டேன், ஆள் கிடைச்சுட்டான்" என்றாள் ஜன்னலோரத்தில் இருந்தவள்.

அதற்குப் பிறகு எனக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

"காமெரா பேரா? அதெப்படி?"

"போட்டோ போடற சைட்ல, எந்தக் காமெரால எடுத்ததுன்னு வெச்சும் தேடலாம், கேட்டயா. அப்பாவோட சண்டை போட்டுண்டு போனப்போ அந்தக் காமெராவை மட்டுந்தான் எடுத்துண்டு போனான். அந்தப் பழைய மாடல் இப்போ யார்கிட்ட இருக்கும்?"

"அவன்தான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"அந்தக் காமெரால எடுத்தா வலது மூலைல ஒரு கரும்புள்ளி விழும். எங்காத்துப் படத்துலெல்லாம் இருக்கு. அதே புள்ளி."

"என்ன படமெல்லாம்?"

"கல்லாறு, பாறை, மழை. நடுநடுவே ஒரு குட்டிப் பொண்ணு. வருஷா வருஷம் வளந்துண்டே வரா."



"எழுதினயா?"

"கொழந்தை பேர் என்னன்னு மட்டும் படத்துக்குக் கீழே கேட்டேன். 'நீயே வந்து கேளு'ன்னு பதில் போட்டிருக்கான்."

"சத்யமாயிட்டா? எப்போ போறே?"

"இதோ, போயிண்டிருக்கேனே. கல்லாறுக்கு நெடுமங்காட்டுல பஸ் மாறணும்."

"அப்பாவுக்குத் தெரியுமோ?"

"அவர்தான் ஸ்கூட்டர்ல கொண்டுவந்து பஸ் ஏத்திவிட்டார்."